எந்தக் கட்டுரை எந்தப் பகுப்பில்?

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். பொருளை ஒரே கிளைக்குள் அடைக்காமல் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களாகப் பிரித்துப் பார்க்கும் கொள்கை அவருடையது. எப்படிப் பிரித்தாலும் நூல் போய் நிற்பது அலமாரியில் ஓரிடத்தில்தான். விக்கிப்பீடியாவில் அந்த நெருக்கடி இல்லை. ஒரு கட்டுரையை எத்தனை பகுப்புகளில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். தொல்லையே இந்தத் தாராளத்தில்தான் பிறக்கிறது.

ரங்கநாதன் பற்றிய கட்டுரைக்கே பகுப்பிடுவோம். 'இந்திய நூலகர்கள்', '1892 பிறப்புகள்', '1972 இறப்புகள்' ஆகியவற்றில் ஐயமில்லை. 'இந்திய நூலகர்கள்' வந்தபின் தாய்ப் பகுப்பான 'நூலகர்கள்' வேண்டியதில்லை. 'கணிதவியலாளர்கள்'? கணிதம் கற்பித்தார், இராமானுசனைப் பற்றி 1967-இல் நூலும் எழுதினார். ஆயினும் நான் சேர்க்கமாட்டேன். ஒருவரைப் பற்றிய உண்மைகள் எல்லாம் பகுப்புக்கு உரியவை அல்ல. எதனால் அவர் அறியப்படுகிறாரோ அதுவே உரியது. கட்டுரையின் முதல் பத்தியில் இடம்பெறாத செய்தியைப் பகுப்பில் ஏற்றத் தயங்குவது நல்லது.

நுண்பகுப்பு இருந்தால் தாய்ப் பகுப்பு வேண்டாம் என்ற விதியைக் கண்மூடிப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பது 2013-இல் தெரிந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 'அமெரிக்கப் புதின எழுத்தாளர்கள்' பகுப்பிலிருந்து பெண்களை எடுத்து, 'அமெரிக்கப் பெண் புதின எழுத்தாளர்கள்' என்ற துணைப் பகுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தனர். ஆண்கள் மட்டும் பொதுப் பகுப்பிலேயே இருந்தார்கள். எழுத்தாளர் அமண்டா பிலிப்பாச்சி அந்த ஏப்ரலில் நியூயார்க் டைம்சில் இதைச் சுட்டிக்காட்ட, பெரும் விவாதம் மூண்டது. மாற்றியவர்கள் தீய நோக்கம் கொண்டவர்கள் என்று நான் கருதவில்லை. இந்தத் தவறு நேர, விதியில் அவர்கள் வைத்த பற்றே போதுமானதாக இருந்தது. பாலினம் சார்ந்த துணைப் பகுப்பில் இருப்பவர் பொதுப் பகுப்பிலும் இருக்க வேண்டும் என்பதே முறை.

அதன்படி, அதியமானைப் பாடிய ஔவையார் 'சங்கப் பெண்பாற் புலவர்கள்' பகுப்பில் இருந்தாலும் 'சங்கப் புலவர்கள்' பகுப்பிலும் நிற்பார். ஆத்திசூடி ஔவையார் இரண்டிலும் சேரமாட்டார். அவர் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். இருவரையும் ஒரே கட்டுரையில் குழைத்திருந்தால் எந்தப் பகுப்பும் சரியாகப் பொருந்தாது. அங்கே குறை பகுப்பில் இல்லை. முதலில் கட்டுரையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பகுப்பிட வந்தவர் அன்று கட்டுரையாசிரியராகவும் ஆகவேண்டியதுதான்.