தரிசு: ஒரு சொல்லும் சில ஆயிரம் ஏக்கரும்

“சும்மாதான கெடக்கு?” கடையநல்லூருக்குக் கிழக்கே, கருப்பாநதிப் பாசனம் எட்டாத புஞ்சைகளைத் தாண்டிச் சங்கரன்கோவில் வரை, நிலத்தைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் இந்தக் கேள்வி வந்து விழுகிறது. தரகர் கேட்கிறார், அதிகாரி கேட்கிறார். கூடங்குளத்தை எதிர்த்து நின்ற நம் தோழர்கள் சிலரும் சூரிய மின்சாரம் என்றதும் இதையேதான் கேட்கிறார்கள். நிலக்கரிக்கும் அணுவுக்கும் மாற்று வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நிலம் ‘சும்மா கிடப்பதாக’ எப்போது, யாரால், எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்பதை வாசிக்காமல் அந்த மாற்றைப் பேசிவிட முடியுமா?

‘தரிசு’ என்பது வருவாய்த்துறையின் சொல்லாடல். ரயத்துவாரி முறை வேரூன்றிய காலத்தில், நிலத்தை நிலமாக்கியது அது செலுத்தும் தீர்வைதான். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு என்று கணக்கு விரிந்தது. மண்ணின் குணத்தை இவற்றில் தேடினால் கிடைக்காது. சர்க்காருக்கு அங்கிருந்து என்ன வரும் என்பது மட்டும் கிடைக்கும். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் பெரும்பாலும் இந்தத் தரிசுக் கணக்கிலிருந்துதான் பிரிக்கப்பட்டது. அதில் எவ்வளவு இன்று அவர்கள் கையில் இருக்கிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஊத்துமலை, சிவகிரி, சொக்கம்பட்டி என்று ஜமீன்கள். அங்கே 1803இல் நிரந்தரத் தீர்வைக்குள் வந்த இராமநாதபுரம் ஜமீன். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் இந்த ஊர்கள் ரயத்துவாரிக் கணக்குக்கு மாறின. மாறியபோது பட்டாதாரர் பெயர் ஏறியது. அறுப்பு முடிந்த புஞ்சையில் கிடை போட்ட கீதாரி, விறகுக்கு வந்த பெண், கூலிக்குக் களையெடுத்தவள் யாரும் ஏறவில்லை. கரிசலில் மழை பொய்த்து ஒரு பசலி விதைக்காமல் விட்டால் அடங்கலில் அந்த வருஷத்துக்குத் ‘தரிசு’ என்றே விழும். அதே வருஷம் அதில் எத்தனை ஆடு மேய்ந்தது என்று எழுத அங்கே பத்தி கிடையாது. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் வந்தது. 2000இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தரிசுநில வரைபட நூல் ஒன்றை மத்திய அரசு வெளியிட்டது. ஆகாயத்திலிருந்து பார்த்தாலும் கிடை தெரிவதில்லை.

சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே சாத்தூர்ப் பக்கம் ஜெனிஃபர் பேக்கா என்ற ஆய்வாளர் செய்த களப்பணி இங்கே நினைவுக்கு வர வேண்டும். பயோடீசலுக்குக் காட்டாமணக்கு நடத் ‘தரிசு’ தேடிய காலம் அது. அந்த நிலங்களில் ஏற்கெனவே சீமைக்கருவேல் நின்றது. அது விறகாகவும் கரியாகவும் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. காட்டாமணக்கு தரக்கூடியதைவிடப் பல மடங்கு பயன்படும் ஆற்றலை அந்த ‘ஒண்ணுக்கும் உதவாத’ முள் தந்துகொண்டிருந்தது என்று அவர் கணக்கிட்டார். சீமைக்கருவேலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த முள்ளை நம்பி அடுப்பெரித்தவர்களைப் பற்றித்தான் பேச்சு.

கமுதிக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டத்தில், சுமார் 2,500 ஏக்கரில், 648 மெகாவாட். ஏறத்தாழ 25 லட்சம் தகடுகள். அதானி குழுமம் எட்டு மாதத்தில் கட்டி முடித்து 2016 செப்டம்பரில் தொடங்கிய இந்த நிலையம், ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அப்போது விளம்பரப்படுத்தப்பட்டது. எட்டு மாதம் எப்படிச் சாத்தியமாயிற்று? கட்டுமானத் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். நம் சட்டம் வழிவிட்டது.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலக்கரி அனல்மின் நிலையம் மத்திய அரசின் முன்அனுமதி பெற வேண்டும். மக்கள் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். சூரிய ஒளி மின்நிலையம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011இல் இதைக் குறிப்பாணையாகத் தெளிவுபடுத்தி, 2017இல் சூரியப் பூங்காக்களுக்கும் விரித்தது. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை ‘வெள்ளை’ வகையில் சேர்த்தது: இசைவு வேண்டாம், தகவல் சொன்னால் போதும். நிலத்தைப் பேரம் பேசித் தனியாரிடமே வாங்கிவிட்டால் 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சொல்லும் சமூகத் தாக்க மதிப்பீடும் வராது.

புகையில்லை, சாம்பலில்லை, ஆகவே விலக்கு. வாதம் புரிகிறது. ஆனால் கருத்துக்கேட்பு என்பது புகையைப் பற்றி மட்டுமா? ஆயிரக்கணக்கான ஏக்கரை நிரவும்போது கண்மாய்க்கு வரும் ஓடைகள் என்னாகும், தகடு கழுவத் தண்ணீர் எங்கிருந்து, மேய்ச்சலுக்கு எந்த வழியாகப் போவது என்று கேட்க ஊருக்கு இருந்த ஒரே மேடை அது. அதுவும் ஒழுங்காக நடந்ததில்லை என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் மைக் முன்னால் ஒரு கிழவி எழுந்து நின்று கேட்கலாம், பதிவாகும்.

கர்நாடகத்தின் பாவகடாவில் வேறு வழி பார்த்தார்கள். சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகைக்கு எடுத்து 2,050 மெகாவாட் பூங்கா அமைத்தார்கள். நிலம் கைமாறவில்லை என்பது பெரிய விஷயம்தான். ஆனால் குத்தகைப் பணம் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். கூலிக்காரனுக்கும் ஆட்டுக்காரனுக்கும் அங்கேயும் அதே பழைய கணக்கு.

நடைமுறையில் இடம் முடிவாவது வெயிலை மட்டும் பார்த்தல்ல. வெயில் தென்மாவட்டம் முழுக்க அடிக்கிறது. நிலவிலையும், பக்கத்தில் எந்தத் துணைமின் நிலையம் இருக்கிறது என்பதும்தான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. கமுதி நிலையமும் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தோடுதான் இணைந்தது. ஆகவே சங்கரன்கோவில் வட்டாரத்தில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மின்தொடரமைப்புக் கழகத்திடம்: அடுத்த துணைமின் நிலையம் எங்கே? கிராம சபையில் அதைக் கேட்க வேண்டிய நேரம் வரைபடம் மேசையில் இருக்கும்போதே. கம்பி இழுத்த பிறகு கேட்டால் விலை பேசத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் பட்டா இருப்பவரை மட்டும்.