சொல்லாது நின்ற காதல்: அமெரிக்கத் தொலைக்காட்சியின் கௌபாய்த் தொடர்களும் அவற்றின் ரசிகர்களும்

கௌபாய்க் கதை என்றதும் நம் நினைவில் எழுவன குதிரைக் குளம்பொலியும் துப்பாக்கி முழக்கமுமே. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கும், எம். கர்ணனின் 'கங்கா' (1972) போன்ற படங்களைக் கொட்டகையில் கண்டவர்களுக்கும் அந்நிலம் வீரத்தின் நிலமாகவே அறிமுகமாயிற்று. நம் இலக்கண மொழியிற் சொன்னால், அது முற்றும் புறத்திணை. ஆனால் அக்கதைகள் பிறந்த அமெரிக்க நாட்டில், 1950களிலும் 60களிலும் வெளிவந்த தொலைக்காட்சித் தொடர்களை நெஞ்சில் வைத்துப் போற்றும் ரசிகர்கள், அரை நூற்றாண்டு கடந்த பின்னும் கூடிப் பேசுவது சண்டைகளைப் பற்றி அன்று. மேட் டில்லன் கிட்டியை ஏன் மணக்கவில்லை? ஆடம் கார்ட்ரைட் தன் காதலியை விட்டுக்கொடுத்தது பெருந்தன்மையா, தோல்வியா? ஜோ மனைவியை இழந்து கலங்கும் காட்சியை மறுமுறை காண மனம் துணியுமா? அவர்கள் பேச்சு இவ்வாறே செல்கிறது. புறமாகத் தோன்றும் ஒரு கலைவடிவத்துள் அகம் குடிபுகுந்த விதமும், புகுந்த அகம் அங்கே நிறைவேறாமலே நின்ற காரணமும் ஆராயத் தக்கவை.

முதலில் வடிவத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். திரைப்படத்தில் காதலுக்கு ஒரு முடிவு உண்டு. இரண்டு மணி நேரத்தின் இறுதியில் தலைவன் தலைவியோடு வண்டியேறிப் போகலாம். தனியனாய்க் குதிரையேறியும் போகலாம். வாரத் தொடருக்கு அந்த உரிமை இல்லை. இந்த வாரம் எந்த ஊரில் எந்த நிலையில் தலைவன் இருந்தானோ, அடுத்த வாரமும் அந்த ஊரில் அந்த நிலையிலேயே இருக்கவேண்டும். அக்காலத்துத் தொடர்களின் ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முடியும் தனிக்கதை. முதல் ஒளிபரப்பு முடிந்தபின் உள்ளூர் நிலையங்கள் அவற்றை விலைக்கு வாங்கி, முன்பின் முறையின்றியும் மறுஒளிபரப்பும். திங்களன்று மணமானவன் செவ்வாயன்று மணமாகாதவனாகக் காட்சியளித்தால் வணிகம் என்னாவது? ஆகவே, தலைவனைக் காதலிக்க வந்த பெண்ணுக்கு இருந்த வழிகள் மிகச் சில: அவள் காதல் சொல்லப்படாமல் நிற்கவேண்டும், அன்றேல் அவள் ஊரை விட்டுப் போகவேண்டும், அல்லது உலகை விட்டுப் போகவேண்டும். 1959ஆம் ஆண்டையொட்டி, மாலை வேளைகளில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட வெஸ்டர்ன் தொடர்கள் ஓடின. அத்தனையிலும் இந்த நெருக்கடி உண்டு.

சொல்லாமல் நிறுத்தும் வழியைத் தேர்ந்தது 'கன்ஸ்மோக்'. நார்மன் மக்டானலும் ஜான் மெஸ்டனும் 1952இல் வானொலிக்காகப் படைத்த தொடர் இது. சிறுவர்க்கான கௌபாய்க் கதைகள் மலிந்திருந்த காலத்தில் வளர்ந்தோர்க்கென ஒன்றை எழுத முனைந்தனர். கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் சட்டம் காக்கும் மார்ஷல் மேட் டில்லன். அவ்வூர் மதுக்கடைப் பெண் கிட்டி. வானொலியில் அவளுடைய பிழைப்பு இன்னதென்று கேட்போர் குறிப்பால் உணர்ந்தனர். 1955 செப்டம்பர் 10 அன்று கதை தொலைக்காட்சிக்கு வந்தது. ஜேம்ஸ் ஆர்னஸ் மேட்டாகவும் அமண்டா பிளேக் கிட்டியாகவும் நடித்தனர். குடும்பத்தோடு அமர்ந்து காணும் பெட்டியில் அந்தக் குறிப்பும் மெல்ல மங்கியது. கிட்டி லாங் பிராஞ்ச் மதுக்கடையின் பங்குதாரர் ஆனாள். பின்னர் உரிமையாளரே ஆனாள். அவள் தொழிலைப் பற்றிய மௌனமும் அவள் காதலைப் பற்றிய மௌனமும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை மறத்தலாகாது. இரண்டையும் விளம்பரதாரர் விரும்பினர்.

ஆயினும் அந்த மௌனத்துள் ஆர்னஸும் பிளேக்கும் செய்தது வியப்புக்குரியது. மாலையில் அவன் வருவான், அவள் எதிரே அமர்வாள், கோப்பை நிறையும், ஏதோ நகையாடுவர். அதற்குள் வெளியே கூச்சல் எழும், அவன் தொப்பியை எடுப்பான். கவனமாக இரு என்னும் பொருள்பட அவள் ஒரு சொல் சொல்வாள். மடிப்புக் கதவு ஆடி அடங்கும் வரை அவள் விழிகள் அங்கேயே நிற்கும். இவ்வளவே. காதல் என்ற சொல் பேசப்படாத இக்காட்சிகளே இருபதாண்டுக் காலம் கோடிக் கணக்கான வீடுகளில் காதலாக உணரப்பட்டன. இருவருக்கும் இடையே மில்பர்ன் ஸ்டோன் நடித்த முதிய மருத்துவர் இருந்து, அவளை ஆற்றுவித்தும் அவனைக் கடிந்தும் பேசுவார். அகப்பாடல் பயின்ற நமக்கு அவரை யாரென்று இனங்காண நெடுநேரம் ஆகாது. அவர் மீசை நரைத்த தோழி!

மௌனம் இரண்டு இடங்களில் உடையும் நிலைக்கு வந்தது. 1970இல் ஒளிபரப்பான 'தி பேட்ஜ்' என்ற பகுதியில், மேட் மீண்டும் ஒருமுறை குண்டடிபட்டுச் சாவின் விளிம்பில் கிடக்கிறான். இனியும் இந்தக் காத்திருப்பைத் தாங்க இயலாது என்று கிட்டி கடையை விட்டு ஊரைவிட்டே போகிறாள். அவளுக்குப் போட்டி வேறொரு பெண் அன்று. அவன் மார்பில் உள்ள மார்ஷல் சின்னமே. 1972இல் வந்த 'ஹாஸ்டேஜ்' பகுதியோ காண்போரை நடுங்கச் செய்வது. தன் தம்பியைத் தூக்கிலிருந்து மீட்கக் கிட்டியைப் பிணையாகக் கவர்ந்து செல்கிறான் ஒரு கொடியவன். தூக்கு நிறைவேறியதும் அவளைச் சிதைத்துச் சுட்டுத் தெருவில் விடுகிறான். மேட் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டத்தின் காவலனாக அன்றித் தனி மனிதனாக அவனைத் துரத்துகிறான். அவன் காதலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கும் ரசிகர் பலர். எனக்கு இங்கே ஒரு வினா உண்டு. பழிவாங்கக் கழற்ற முடிந்த சின்னத்தை அவளோடு வாழ்வதற்காகக் கழற்ற முடியாமற் போனது ஏன்?

அடுத்த ஆண்டே எழுத்தாளர்கள் இந்தப் புண்ணில் வேல் பாய்ச்சினர். 1973இல் வந்த 'மேட்டின் காதற்கதை' என்னும் பகுதியில், சுடப்பட்டு நினைவிழந்த மேட், தன்னைப் பேணிக் காத்த மைக் யார்ட்னர் என்னும் கைம்பெண்ணிடம் காதல் கொள்கிறான். மைக்கேல் லேர்னட் அப்பாத்திரத்தை ஏற்றார். துஷ்யந்தன் மறதியால் காதலியை இழந்தான். டில்லனோ மறதியால் காதலியைப் பெற்றான். தான் யார் என்பதை மறந்தால்தான் அவனால் காதலிக்க முடியும் என்பது கதையின் உட்பொருள். நுட்பமான சிந்தனைதான், ஆனால் பதினெட்டு ஆண்டு காத்திருந்தவள் கிட்டி அல்லவா என்ற ரசிகர்களின் குமுறலுக்கு அது விடையாகாது. 1974இல் அமண்டா பிளேக் தொடரை விட்டு விலகினார். கிட்டி இல்லாத ஓராண்டுக்குப் பின், 1975இல், 635 பகுதிகளோடு தொடர் நிறுத்தப்பட்டது. விடைபெறும் காட்சி ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

'போனான்சா' கையாண்டது மற்றொரு வழி. 1959 முதல் 1973 வரை 431 பகுதிகள் வந்த இத்தொடர், தொடக்கம் முதலே வண்ணத்தில் எடுக்கப்பட்டது. அதை ஒளிபரப்பிய என்.பி.சி.யின் தாய் நிறுவனமான ஆர்.சி.ஏ.வுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்கவேண்டியிருந்தது. பாண்டரோசா பண்ணையின் தலைவர் பென் கார்ட்ரைட். ஆடம், ஹாஸ், ஜோ என மூன்று மைந்தர். மூவருக்கும் தாயர் வேறு வேறு. தாயர் மூவரும் இறந்தோர். எலிசபெத், இங்கர், மரீ என்னும் அம்மூவரையும் நினைவுகூரும் தனிப் பகுதிகள் 1961, 1962, 1963 ஆகிய ஆண்டுகளில் வந்தன. தந்தைக்கு நேர்ந்ததே மைந்தர்க்கும் நேர்ந்தது. அவர்களை நேசித்த பெண்கள் நோயுற்றனர், சுடப்பட்டனர், அல்லது ஊர் விட்டு ஏகினர். ரசிகர்கள் இதற்குக் கார்ட்ரைட் சாபம் என்றே பெயரிட்டனர். கேலியாகச் சொன்னதுதான்; ஆனால் அச்சாபத்தை இட்ட முனிவர் தொலைக்காட்சி நிலையத்தின் கணக்கர் என்பதையும் அவர்கள் அறிவர்.

இரண்டு வீடுகளை மட்டும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். பெர்னல் ராபர்ட்ஸ் தொடரை விட்டு விலக விரும்பியதால், ஆடமுக்கு மணமுடித்து அனுப்பிவிடலாம் என்று எண்ணி, லாரா டேட்டன் என்னும் கைம்பெண்ணோடு அவனுக்கு ஒரு காதல் நான்கு பகுதிகளில் வளர்க்கப்பட்டது. 1964இல் வந்த 'ட்ரையாங்கிள்' அதன் இறுதி. லாராவை மகிழ்விக்க அவன் அவளறியாமல் ஒரு வீடு கட்டுகிறான். வீட்டிலேயே கருத்தாய் இருந்தவன் அவளைக் கவனிக்க மறக்கிறான். அவள் மனம் அவனுடைய உறவினன் வில் மேல் சாய்கிறது. கட்டிய வீட்டிலிருந்தே விழுந்து இடுப்பொடிந்த ஆடம், உண்மை உணர்ந்து அவளை விடுவிக்கிறான். காதலுக்காகச் செய்யும் செயலே காதலைக் கொல்லும் இந்த முரண், தொலைக்காட்சிக் கதையில் எளிதில் காணக் கிடைப்பதன்று.

மற்றொரு வீடு ஜோவுடையது. ஹாஸாக நடித்த டான் பிளாக்கர் 1972 மே மாதம் திடீரென இறந்தார். அவருக்கென மைக்கேல் லாண்டன் எழுதியிருந்த திருமணக் கதை ஜோவின் கதையாக மாற்றப்பட்டு, 'ஃபார்எவர்' என்ற பெயரில் அவ்வாண்டு செப்டம்பரில் வெளியாயிற்று. லாண்டனே எழுதி, இயக்கி, ஜோவாக நடித்தார். புதுமணப் பெண் ஆலிஸ் கொல்லப்படுகிறாள், இல்லம் எரிகிறது. ஜோ கதறுவதைக் கண்டவர்கள், அது கதைமகளுக்கான அழுகை மட்டுமன்று, பதின்மூன்று ஆண்டு உடன் நடித்த நண்பனுக்கான அழுகையும் என்று உணர்ந்தனர். கதையின் துயரும் வாழ்வின் துயரும் ஒரே முகத்தில் கலந்து நின்ற அவ்வேளையைப் பற்றி ரசிகர்கள் இன்றும் குரல் தாழ்த்தியே பேசுகின்றனர். 1973 சனவரியில் தொடர் முடிந்தது.

பெண்ணுக்கு இடமில்லாத அந்நிலத்தில் அன்பு வேறு வழி தேடியது. 'ரைஃபிள்மேன்' (1958–63) தொடரில் மனைவியை இழந்த லூகஸ் மெக்கெய்னும் அவன் சிறுவன் மார்க்கும் பேசிக்கொள்ளும் பொழுதுகளே கதையின் உயிர். 'போனான்சா'வில் 1962இல் வந்த 'தி க்ரூசிபிள்' பகுதியில், ஒரு கொடியவனிடம் அகப்பட்டு உள்ளம் சிதைந்த ஆடம், அவன் உடலையே இழுத்துக்கொண்டு பாலையில் தள்ளாடி வருகிறான். தந்தையும் தம்பியரும் அவனைத் தாங்குகின்றனர். ஆண்மகன் அழலாகாது என்று பயிற்றப்பட்ட தலைமுறைக்கு, துப்பாக்கி ஏந்திய ஆடவர் ஒருவரையொருவர் அணைத்து அழுதது ஒரு விடுதலை. பெண் ரசிகர்களுள் பலர் காதற்காட்சிகளைவிட இவற்றையே மேலாக வைப்பதும் உண்டு.

விதிவிலக்கு ஒன்றும் இருந்தது. 'ஹை சாப்பரல்' (1967–71) தொடரின் தொடக்கத்திலேயே பண்ணைத் தலைவன் ஜான் கேனனின் மனைவி அப்பாச்சி அம்புக்கு இரையாகிறாள். அண்டை மெக்சிகப் பெருநிலக்கிழாரின் நட்பு வேண்டி, அவர் மகள் விக்டோரியாவை அவன் மணக்கிறான். அது கணக்குப் பார்த்துச் செய்த மணம். காதல் பின்னர் வருகிறது, தயங்கித் தயங்கி. நம்மவர்க்கு இது புதுமையன்று; ஆயின் அத்திரையில் புதுமை. மணம் முதலிலேயே முடிந்துவிட்டதால், எழுத்தாளர்கள் அதைத் தள்ளிப்போடும் தொல்லையின்றி இல்லறத்தையே எழுத முடிந்தது. லிண்டா கிறிஸ்டல் நடித்த விக்டோரியா, எவ்வாரமும் சாக அஞ்சவேண்டாத மனைவி.

கிட்டியின் மௌனத்தைப் பற்றி ரசிகர்கள் இரு கட்சியாய்ப் பிரிந்தே வாதிட்டு வருகின்றனர். சொல்லாததாலேயே அது பெரிது. மணம் முடித்திருந்தால் ஒரு கணவனும் மனைவியுமே எஞ்சியிருப்பர் என்பது ஒரு சாரார் கூற்று. கவிஞர்களாகிய நம்முள் பலர் இதற்கே தலையசைப்போம். குறிப்புப் பொருளை உயர்த்திப் போற்றிய மரபு நம்முடையது. ஆனால் மறுசாராரின் வாதத்தை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். நம் முல்லைத் தலைவியின் காத்திருப்புக்குக் கார்காலம் என்ற எல்லை உண்டு. அவன் வருவான் என்ற உறுதி உண்டு. கிட்டிக்கு எல்லை வகுக்க ஒருவரும் இல்லை. கடை நடத்தி, கணக்குப் பார்த்து, அடிபட்டு வந்தவனுக்குக் கட்டுப்போட்டு, அவள் கழித்த பத்தொன்பது ஆண்டுகளை அழகென்று கூறிக் கடந்துபோவது, அவளை அந்நிலையில் வைத்த வணிகத்துக்கு நாம் பாடும் துதியாகிவிடக்கூடும். நடிகையின் கண்களில் இருந்த அழகு உண்மை. அந்த அழகுக்கு அவள் கொடுத்த விலையும் உண்மை. இதனால்தான் ரசிகர்கள் தாமே கதை எழுதத் தொடங்கினர் எனலாம். அக்கதைகளுள் மேட் மண்டியிட்டுக் கேட்பதும் உண்டு. கிட்டி மறுத்துவிடுவதும் உண்டு.

நிலையத்தாரும் ஒருமுறை முயன்றனர். 1987இல் 'டாட்ஜுக்குத் திரும்புதல்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் ஆர்னஸும் பிளேக்கும் மீண்டும் சந்தித்தனர். முதுமை கூடிய அம்முகங்களைக் கண்டவர்கள் எதிர்பார்த்த திருமணம் அப்போதும் நிகழவில்லை. 1989 ஆகஸ்டில் அமண்டா பிளேக் மறைந்தார். 1990இல் வந்த அடுத்த படத்தில் மேட் டில்லனுக்கு ஒரு மகள் இருக்கும் செய்தி அவனுக்கே முதன்முறையாகத் தெரியவருகிறது. அவள் தாய், நினைவிழந்த நாட்களில் அவனைப் பேணிய மைக் யார்ட்னர். அந்த மகளை ஏற்றுக்கொள்வதா என்பதில் கிட்டியின் ரசிகர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.