லிட்டில் அந்தமான் அலை மீட்பு (1867)

எதிரியோடு போரிடாமல் ஐந்து பேர் விக்டோரியா சிலுவை என்னும் பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்ற நிகழ்வு. 'அஸ்ஸாம் வேலி' கப்பலிலிருந்து ஓங்கே பழங்குடியினரின் தீவான லிட்டில் அந்தமானில் இறங்கிய தலைவரும் மாலுமிகள் எழுவரும் திரும்பவில்லை. அவர்களைத் தேடி பர்மாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் படையினரில் ஒரு பகுதியினர் 1867 மே 7 அன்று கரையில் சிக்கிக்கொண்டனர். கொந்தளித்த அலைகளால் படகுகள் நெருங்க முடியவில்லை. 24ஆம் படைப்பிரிவின் மருத்துவர் கேம்ப்பெல் டக்ளஸ், சிப்பாய்கள் மர்ஃபி, கூப்பர், பெல், கிரிஃபித்ஸ் ஆகியோர் ஒரு படகை எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் முயற்சியில் படகு பாதி நீரால் நிரம்பியதால் திரும்ப நேர்ந்தது. அடுத்த முறை ஐவரை ஏற்றி, அலைகளுக்கு அப்பால் நின்ற படகுகளில் சேர்த்துவிட்டு மறுபடி போனார்கள். மொத்தம் 17 பேர் பிழைத்தனர். தீவு மக்களின் அம்புகளைப் பெரிதாகப் பேசுவோர் உண்டு. ஆனால் பதக்கம் அலைகளை எதிர்த்ததற்குத்தான். இப்பதக்கத்துக்கான 1858ஆம் ஆண்டு விதி, எதிரி முன்னிலையில் இல்லாத வீரத்துக்கும் இடம் தந்தது. அந்த வழியில் பதக்கம் பெற்ற இன்னொருவர் கனடாவில் வெடிமருந்து ரயில் பெட்டியில் பற்றிய தீயை அணைத்த திமோதி ஓ'ஹே மட்டுமே. 1881இல் அந்த வழி அடைக்கப்பட்டது.