கயிறும் ராடும்: கூரை விசிறியின் உயரம் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

அறையின் உயரத்திற்கேற்ற மின்விசிறியைத் தேர்வது இன்று மின்பணியாளரிடம் கேட்டு முடித்துக்கொள்ளும் சிறு காரியம். ஆயினும் அந்தக் கேள்வி இந்தியாவில் மின்சாரத்தைவிட மூத்தது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் ஆங்கிலேயர் இல்லங்களில் தொங்குவிசிறி பரவத் தொடங்கியது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கூரையிலிருந்து கயிறுகளால் தொங்கவிடப்பட்ட அதற்குப் 'பங்கா' என்று பெயர். சிறகைக் குறிக்கும் 'பங்க்' என்னும் இந்திச் சொல்லோடு உறவுடையது. மூலம் வடமொழிப் 'பக்ஷ'. ஆங்கிலமும் தமிழும் இச்சொல்லைக் கடன் பெற்றன.

அக்கால மாளிகைகளின் கூரைகள் உயர்ந்து நின்றமைக்கு வெப்பமே முதற்காரணம். மேலெழும் சூடான காற்று, கூரையை ஒட்டிய சிறு சாளரங்கள் வழியே வெளியேறும். வட இந்தியாவில் இவற்றை 'ரோஷன்தான்' என்பர். ஆனால் கூரை உயர உயர, அதில் தொங்கும் விசிறி மனிதரிடமிருந்து விலகிப் போகும். பங்கா இதைக் கயிற்றின் நீளத்தால் தீர்த்தது. கூரை எங்கிருந்தாலும் சட்டம் தலைக்குச் சற்று மேலே அசைந்தது.

1880களில் அமெரிக்காவில் பிலிப் டீல் கூரை மின்விசிறியை உருவாக்கினார். 1899 ஏப்ரலில் கல்கத்தாவின் எமாம்பாக் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கயிற்றின் இடத்திற்கு இரும்பு ராடு வந்தது, சிக்கல் மாறவில்லை. இன்றைய தேசியக் கட்டட விதித்தொகுப்பு அதற்கு ஒரு சூத்திரம் தருகிறது: அறை உயரத்தின் மும்மடங்கோடு மேசைப்பரப்பின் உயரத்தைக் கூட்டி, நான்கால் வகுத்தால் இறக்கை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். மேசை 0.75 மீட்டர் எனக் கொண்டால், 5 மீட்டர் உயரமுள்ள பழைய கூடத்தில் இறக்கைகள் ஏறத்தாழ 3.94 மீட்டரில், அதாவது கூரைக்கு ஒரு மீட்டருக்கும் சற்றுக் கீழே சுழல வேண்டும். 2.75 மீட்டர் அடுக்குமாடி அறையில் அது 2.25 மீட்டர், அரை மீட்டர் இறக்கமே போதும். கூரைக்கும் இறக்கைக்கும் இடையே ஏறத்தாழ 0.3 மீட்டராவது வேண்டும் என்றும் அத்தொகுப்பு கூறுகிறது. அதற்கும் நெருங்கினால், மேலிருந்து இழுக்கப் போதிய காற்று விசிறிக்குக் கிடைக்காது.

இந்தக் கணக்கில் வராத இன்னொரு தூரம் உண்டு. பங்காவின் இழுகயிறு சுவரில் இட்ட துளை வழியே தாழ்வாரத்திற்குச் சென்றது. அதன் மறுமுனையில் இருந்தவர் பங்கா இழுப்பவர். காற்று உள்ளே, உழைப்பு வெளியே. இரவில் அவர் கண்ணயர்ந்தால் காற்று நிற்கும். உள்ளிருப்பவர் விழித்து எழுவார். அவ்வாறு எழுந்தவர்களின் அடியாலும் உதையாலும் இழுப்பவர்கள் இறந்த வழக்குகள் உண்டு. மலேரியாவால் வீங்கிய மண்ணீரல் தற்செயலாக வெடித்தது என்ற வாதம் இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்ப எழுந்தது; கொலை என்னும் குற்றம் சிறு காயமாகச் சுருங்கித் தண்டனையும் லேசானது. 1899இல் வைசிராயாகப் பொறுப்பேற்ற கர்சனே இத்தாக்குதல்களைக் கண்டிக்க நேர்ந்தது.

மின்விசிறி வந்தபின் 'பங்கா' என்னும் சொல் இந்தியில் புதிய கருவிக்கு அப்படியே இடம் பெயர்ந்தது. அதன் பின்னொட்டாக நின்ற 'வாலா' மட்டும் உதிர்ந்தது. கருவியின் வரலாற்றைப் புனைவோரின் பெயர்களால் மட்டும் எழுதும்போது நாமும் அந்த உதிர்வையே மீண்டும் செய்கிறோம். பழைய கட்டடங்களை ஆய்வோர் கூரையின் உயரத்தை அளக்கின்றனர். சுவரில் கயிறு சென்ற துளையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அறை எவரது கையால் குளிர்ந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.