நான்கு பேச்சும் ஐந்தாவது பேச்சும்

அண்மையில் ஓரிரவு, தொலைக்காட்சியில் 'ரஷ் அவர்' படத்தை மறுபடியும் கடைசிவரை பார்த்துவிட்டேன். 1998 இல் வெளிவந்த படம். கொங்கொங்கிலிருந்து வரும் இன்ஸ்பெக்டராக ஜாக்கி சான். அவர் விசாரணைப் பக்கம் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ள அனுப்பப்படும் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ்காரராகக் கிறிஸ் டக்கர். கடத்தப்பட்ட சிறுமி கிடைப்பாளா என்ற கவலை எனக்கு ஒரு கணமும் எழவில்லை. ஒருவர் ஓயாது பேச, மற்றவர் ஆங்கிலமே அறியாதவர்போல வாய்மூடி நின்றாரே, அந்த இடத்தில்தான் வாய்விட்டுச் சிரித்தேன். 1987 இல் வந்த 'லெதல் வெப்பன்' இணையும் இதே வார்ப்புத்தான். துப்பாக்கிச் சத்தம் மறந்துபோகிறது. வாய்ச்சண்டை நினைவில் நிற்கிறது.

ஒன்றுக்கொன்று ஒவ்வாதவர்களைச் சேர்த்துக் கட்டிவிடும் இந்த உத்தி, பசறையில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கு வானொலி வழியாகவே அறிமுகமாயிற்று. அதில் பொலிஸாரும் இல்லை, கார்த் துரத்தலும் இல்லை. ஆனால் சிரிப்பின் சரக்கு அதேதான்.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தைச் சொல்கிறேன். எழுதியவர் எஸ். ராம்தாஸ். மரிக்கார் முஸ்லிம்களின் தமிழில் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழில். ஐயர் பிராமணத் தமிழில். உபாலி, சிங்களவர் ஒருவர் தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழில். குரல்களுக்குப் பின்னால் இருந்தவர்களை அறிந்தால் வேடிக்கை இரட்டிப்பாகும். மரிக்காராகப் பேசிய ராம்தாஸ் முஸ்லிம் அல்லர். ஐயராகப் பேசியவர் பி. எச். அப்துல் ஹமீத்! உபாலியோ செல்வசேகரன் என்ற தமிழர். அப்புக்குட்டி ரி. ராஜகோபால். நாடகம் பெற்ற வரவேற்பால் 1976 இல் எஸ். இராமநாதனின் இயக்கத்தில் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது.

ஹொலிவூட் இணைக்கு நட்பு முளைக்க ஒரு துப்பாக்கிச் சண்டையாவது வேண்டும். இந்த நால்வருக்கு அது தேவைப்படவில்லை. ஒருவர் பேச்சை மற்றவர் கேலி செய்வார். அடுத்த நிமிடம் கேலி செய்தவரே அகப்பட்டுக்கொள்வார். எவரும் தம் பேச்சைத் திருத்திக்கொள்ளவில்லை. எவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவுமில்லை. ஒவ்வாத இணை நம்மை ஈர்ப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். சிரிப்பு முறைவைத்துச் சுற்றி வருகிறது.

அந்த நால்வரில் மலையகத்துப் பேச்சு இல்லை. சிறுவனாயிருந்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, எங்கள் பேச்சைக் கேட்டவுடன் 'தோட்டக்காட்டான்' என்று உதட்டைச் சுழித்தவர்களைச் சந்தித்த பிறகே உறைத்தது. அந்தச் சொல்லிலும் சிரிப்பு உண்டு. ஆனால் அதில் முறை மாறுவதில்லை. ஐந்தாவதாக எங்கள் ஆள் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்து, தம் பங்குக்கு அப்புக்குட்டியைக் கேலி செய்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. கலைஞர்களைக் குறை சொல்லவில்லை. நாடே எங்களை எண்ணிக்கையாகத்தான் பார்த்தது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த மீதியையும் 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள்.

'கோமாளிகள்' வெளிவந்த மறு ஆண்டு, 1977 ஓகஸ்டில், கலவரம் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். உபாலியின் தமிழைக் கேட்டுச் சிரித்த லயத்தில், வெளியே சிங்களம் கேட்டால் விளக்கை அணைத்தோம்.

எங்கள் லயத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் பக்கத்துக் காம்பரா மாமா. கும்மாளம் ஒலிபரப்பாகும் நேரத்தில் ஒலியைக் கூட்டி, பெட்டியை வாசற்படியில் வைப்பார். அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. பதுளையில் கோச்சி ஏறுவதற்கு முந்தைய வாரம், தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்தப் பெட்டியையும் விற்றார். வாங்கியவர் பசறை பசாரில் கடை வைத்திருந்த சிங்களவர். விலை பேசும்போது மாமா சிங்களத்தில் தடுமாறினார். கடைக்காரர் தமிழில் தடுமாறினார். பக்கத்தில் நின்ற நான் சிரித்துவிட்டேன். இருவரும் சிரித்தார்கள்.

மாமா தலைமன்னாரில் கப்பலேறினார்.