வாப்பா அனுப்பினாலும் கொடுக்கக் கூடாது: 2006ஆம் ஆண்டுச் சட்டமும் நமது கடைகளும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஊரில் கடை வைத்திருப்பவர்களும் பிள்ளை வளர்ப்பவர்களும் கடைசி வரை வாசித்தால் சந்தோஷம்.

நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது வீட்டுக்கு விருந்தாளி வந்தால், வாப்பா காசைக் கையில் தந்து "சந்திக் கடையில ரெண்டு சிகரட் வாங்கிட்டு ஓடி வா" என்பார். கடை நானா எடுத்துத் தருவார். மிச்சக் காசுக்கு டொபி வாங்குவோம். இதில் தப்பு இருப்பதாக வாப்பாவுக்கும் தோன்றவில்லை, கடை நானாவுக்கும் தோன்றவில்லை. கடையின் பெயர்ப் பலகையில் பாதி சிகரட் விளம்பரமாக இருந்த காலம் அது.

இந்த நிலைமையை மாற்ற நாட்டில் என்ன நடந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அந்த அமைப்பின் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் முதலில் ஏற்ற நாடு நமது நாடுதான். அதன் வழியில் 2006இல் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை உருவானதும் அதன் கீழ்தான்.

21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் சிகரட் விற்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். மீறினால் 50,000 ரூபா வரை அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். விளம்பரங்கள் தடை செய்யப்பட்டன. கடை முகப்பிலிருந்த அந்தப் பலகைகளும் இறங்கின. நாங்கள் அப்போது பாடசாலை மாணவர்கள். அந்தச் சட்டம் பாதுகாக்க நினைத்த பிள்ளைகளே நாங்கள்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். விற்பனை பற்றிய இந்தப் பிரிவு பிள்ளையைத் தண்டிப்பதில்லை. பொறுப்பை விற்பவர் மீது வைக்கிறது. "வாப்பாவுக்குத்தான் கேட்டான்" என்று சொல்லித் தப்ப முடியாது. வாங்க வந்து நிற்பவனின் வயதுதான் கணக்கு. பொலிஸாருக்கும் மதுவரி அதிகாரிகளுக்கும் மட்டுமல்ல, நமது பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் இதில் அதிகாரம் உண்டு.

அடுத்த போராட்டம் பக்கற்றைப் பற்றியது. பக்கற்றின் 80 வீதத்தில் படத்துடன் எச்சரிக்கை போட வேண்டும் என்று 2012இல் ஒழுங்குவிதி வந்தது. சிகரட் கம்பனி நீதிமன்றம் சென்றது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அளவைக் குறைத்தது. பாராளுமன்றம் விடவில்லை. 2015இல் சட்டத்தையே திருத்தி 80 வீதத்தை உறுதி செய்தது. 2016இல் மின்சிகரட்டுக்கும் மெல்லும் புகையிலைப் பொருட்களுக்கும் தடை வந்தது.

இவ்வளவும் செய்து பெற்ற அந்தப் படத்தை நமது மாணவன் பார்ப்பதே இல்லை. அவன் பக்கற் வாங்குவதில்லை. ஒற்றைச் சிகரட்தான் வாங்குகிறான்.

அப்படியானால் சட்டத்தால் பயனில்லையா? பயன் கண்ட ஊர்கள் இருக்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் வியாபாரிகளும் பேசி, சிகரட் விற்பதையே நிறுத்திய ஊர்கள் 2019 அளவில் நூறைத் தாண்டின. அவற்றில் கூடுதலானவை யாழ்ப்பாண மாவட்டத்தில், அதாவது புகையிலை விளையும் மண்ணில். மாத்தறையும் குருநாகலும் அடுத்த இடங்களில் இருந்தன. பெரியவர்களுக்கு விற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கடைக்காரர்கள் ஒன்றாக எடுத்த முடிவு அது.

இனி நமது ஊருக்கு வருவோம். சென்ற தவணையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் மைதானத்துக்குப் பின்னால் சிகரட்டுடன் பிடிபட்டார்கள். நாங்கள் அவர்களை ஏசினோம், பெற்றோரைக் கூப்பிட்டோம், கடிதம் எழுதி வாங்கினோம். சீருடையில் வந்த பிள்ளைக்கு விற்ற கடைக்கு மட்டும் யாரும் போகவில்லை. ஏன்? கடைக்காரர் நமது ஆள். விளையாட்டுப் போட்டிக்கு உதவி செய்பவர். ஜும்ஆவில் பக்கத்து ஸப்பில் நிற்பவர். சட்டம் யாரைப் பொறுப்பாக்கியதோ அவரை விட்டுவிட்டு, யாரைப் பாதுகாக்கச் சொன்னதோ அவனைத் தண்டித்தோம். அந்தத் தவறில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்கு உண்டு.

கடைக்காரர்களின் கஷ்டமும் தெரியும். "நான் கொடுக்காட்டி அடுத்த கடையில வாங்குவான், தேத்தண்ணி யாவாரமும் அங்க போயிடும்" என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் ஒரு கடை தனியாக இதைச் செய்ய முடியாது. அந்த நூறு ஊர்களும் சேர்ந்து செய்ததன் காரணமும் இதுதான்.

முழுவதுமாக நிறுத்துங்கள் என்று இன்று நாங்கள் கேட்கவில்லை. பாடசாலையைச் சுற்றியுள்ள கடைகள் அனைத்தும் ஒரே நாளில் உட்கார்ந்து பேசட்டும். பள்ளிவாசல் நிர்வாகமும் பரிசோதகரும் அதில் இருக்கட்டும். வயதில் சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். இல்லையென்றால் கொடுக்காதீர்கள். பெற்றோரே, உங்கள் சிகரட்டை நீங்களே போய் வாங்குங்கள். பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கூட்டத்துக்கு வர விரும்பும் கடை நானாமார் கொமன்ட்டில் சொல்லுங்கள். அங்கு சொல்லத் தயங்கினால் பாடசாலைக்கு வாருங்கள். தேத்தண்ணி எங்கள் செலவு.