இறப்பு விகிதம் குறைந்தது எதனால்?

1946ஆம் ஆண்டிலே இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டில் அத்தொகை 14 ஆயிற்று. அவ்வாறு சரிந்த விகிதம் பின்னர் ஏறவுமில்லை; 1960இல் அது 9க்கும் கீழே இறங்கியிருந்தது. மேனாட்டார் பல தலைமுறைகளில் நடந்து கடந்த தூரத்தை இச்சிறிய தீவு பதினைந்து ஆண்டுகளுள் கடந்தது எவ்வாறு என்னும் வினா, குடிசனவியல் அறிஞரையும் பொருளியலாளரையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஈர்த்து நின்றது.

முதலில் எழுந்த விடை மிக எளியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி மருந்து இலங்கைக்கு வந்தது. 1946 முதல் மலேரியாக் காய்ச்சல் மிகுந்த பகுதிகளில் வீடுதோறும் சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. நுளம்பு மடிந்தது, காய்ச்சல் தணிந்தது, மரணம் குறைந்தது. அமெரிக்க அறிஞர் கிங்ஸ்லி டேவிஸ் 1956இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பின்தங்கிய நாடுகளின் இறப்பு வீழ்ச்சிக்கு இலங்கையைச் சிறந்த உதாரணமாகக் காட்டினார். ஒரு நாட்டின் பொருளாதாரமும் வாழ்க்கை முறையும் பெரிதும் மாறாத நிலையிலேயே, வெளியிலிருந்து வரும் மலிவான மருத்துவ விஞ்ஞானம் மக்களின் ஆயுளை நீட்டிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்விடை கேட்பதற்கு இனியதெனினும் அதனுள் ஒரு கூர்மை மறைந்திருந்தது. மருந்துத் தூள் ஒன்றே காரணமாயின், ஏழை நாடொன்று வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் உணவு மானியத்துக்கும் செலவிட்ட பணமெல்லாம் வீண் என்றாகிவிடும். மலிவாகக் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சனத்தொகைச் சுமையாகவே முடியும் என்று எச்சரித்தோரும் அக்காலத்தில் இருந்தனர். ஆகவே விவாதம் நுளம்பைப் பற்றியது போலத் தோன்றினும், உண்மையில் அது அபிவிருத்தி என்றால் என்ன என்பதைப் பற்றியதாகவே அமைந்தது.

மலேரியாவின் கொடுமையை எவரும் மறுக்கவில்லை. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா முதலியவற்றில் நீரோட்டம் நின்று, மணற்படுகைகளில் ஆங்காங்கே குட்டைகள் தேங்கின. நோயைப் பரப்பும் நுளம்புக்கு அவை ஏற்ற பிறப்பிடங்களாயின. 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1935ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் ஏறக்குறைய 80,000 மக்கள் மாண்டனர். 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அழிவு மிகுந்த இடம், காலங்காலமாகக் காய்ச்சல் குடிகொண்டிருந்த வன்னியோ அநுராதபுரமோ அன்று. நீர்வளம் மிக்க கேகாலை, குருநாகல் பகுதிகளே. அங்குள்ள மக்களின் உடலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் வளர்ந்திருக்கவில்லை. வயிற்றிற் போதிய உணவும் இல்லை.

பீற்றர் நியூமன் 1965இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவை அளந்து பார்க்க முற்பட்டார். மலேரியா நீடித்த இடங்களிற் பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கியிருக்கும். போருக்கு முன்னரே மாவட்டந்தோறும் பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்து மருத்துவர்கள் எழுதிவைத்த கணக்குகள் இருந்தன. வவுனியா போன்ற மாவட்டங்களில் வீங்கிய மண்ணீரல் மிகுதி. நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் அது அரிது. இவ்வேறுபாட்டை இறப்புக் கணக்கோடு ஒப்பிட்ட நியூமன், போருக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேலானது மலேரியா ஒழிப்பினால் விளைந்தது என முடிவு செய்தார். ஹரால்ட் பிரெடெறிக்சன் இதற்கு உடன்படவில்லை. மருந்து தெளிக்காத இடங்களிலும் மரணம் குறைந்ததைச் சுட்டி, உணவு நிலை சீரடைந்தமையை அவர் வலியுறுத்தினார். 1974இல் கிறே என்பவர் மீண்டும் கணக்கிட்டு, மலேரியா ஒழிப்பின் பங்கு நூற்றுக்கு 23 வீதமே என்றார். ஒரே பதிவேடுகளைப் பார்த்த அறிஞர்கள் இத்துணை வேறுபட்டது வியப்பன்று. கணக்கு ஒன்றாயினும் கேள்வியை அமைக்கும் முறை பலவாகும்.

இவ்விவாதத்தில் இலங்கை ஆய்வாளர் எஸ். ஏ. மீகம 1967லும் 1969லும் எழுதிய கட்டுரைகள் தனி மதிப்புடையன. 1946இலிருந்து கதையைத் தொடங்குவதே பிழை என்பது அவர் காட்டிய வழியால் விளங்குகிறது. முதலாவது சுகாதாரப் பகுதி களுத்துறையில் 1926இல் அமைக்கப்பட்டது. மருத்துவிச்சிகள் பயிற்றப்பட்டுக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின், அரசாங்க சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தொகுதிக்கு ஒரு வைத்தியசாலை வேண்டுமென்று கேட்கவேண்டியவரானார். 1935இன் துயரம் அக்கேள்வியை மேலும் உரப்பாக்கியது. 1942இல் பங்கீட்டு அரிசி தொடங்கியது. மறு ஆண்டில் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தபோது இலங்கை அக்கதியை அடையவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மார் மரணம் இதற்கு நல்ல சான்று: 1930களில் ஆயிரம் பிரசவத்துக்கு இருபது தாய்மார் அளவில் இறந்தனர், 1950 அளவில் அது ஆறுக்குக் கீழே வந்தது. இதில் நுளம்பு ஒழிந்தமைக்கும் பங்குண்டு. ஆயினும் பேறுகாலத்தில் அருகிலிருந்த மருத்துவிச்சியின் கை வேலையை மருந்துத் தெளிப்பான் செய்திருக்க முடியாது.

பின்னர் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அறிஞர் எவரும் திட்டமிடாத சோதனையாக அமைந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளர் மட்டுமே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கியது. ஆயினும் இறப்பு விகிதம் 8 என்னும் அளவிலேயே நின்றது. அவ்வேளை பரவியது பெரும்பாலும் உயிர்ச்சேதம் குறைந்த வகை என்பதையும் கணக்கில் எடுத்தல் வேண்டும். ஆனால் 1935இன் மக்களும் 1968இன் மக்களும் ஒரே நிலையில் இருக்கவில்லை என்பதும் உண்மை. (இலங்கையில் மலேரியா முற்றாக ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இலேயே.)

இவ்வளவு ஆராய்ச்சிக்கும் அடிப்படையாய் நின்றவர் பெயரற்ற கிராமப் பதிவாளர்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறப்பு இறப்புப் பதிவு முறை உருப்பெற்றது. 1871இல் முதற் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. அண்டை நாடுகள் பலவற்றில் இத்தகைய தொடர்ச்சியான ஏடுகள் இருந்திருப்பின் இலங்கை இவ்வளவு பேசப்பட்டிராது.

எனினும் அந்த ஏடுகளை நாடு முழுவதற்குமான சராசரியாக மட்டும் வாசித்தோர் ஒரு பகுதியினரைக் காணத் தவறினர். மலேரியா அரிதான உயர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே குழந்தைகள் மிகுதியாக இறந்துகொண்டிருந்தன. 1912ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் தோட்ட உரிமையாளரின் பொறுப்பிலே விடப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் அத்தொழிலாளருட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. கிராமத்துக்கு வைத்தியசாலை கேட்க உறுப்பினர் இருந்தார். லயத்துக்குக் கேட்க எவருமிலர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பங்கீடு சுருங்கியபோது, நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 46இலிருந்து 51 ஆக உயர்ந்தது. மாவட்டவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அவ்வுயர்வின் பெரும்பாரம் தோட்டப்புறங்களிலேயே விழுந்திருந்தமை தெரியவந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரே, அரசாங்கச் சுகாதார சேவை சிறிது சிறிதாக லயங்களின் வாசலை எட்டியது. அங்கும் குழந்தைகளின் மரணம் குறையத் தொடங்கியது.